அம்மை குத்த வந்தவரின் ஓலைக் காற்றாடி

ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அம்மை குத்த வந்த சர்க்கார் ஆள் ஒல்லியாக, நரைத்த மீசையோடு இருந்தார். அவரைக் கண்டதும் என் மகள் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். அவர் கூப்பிடவே இல்லை. வாசலில் உட்கார்ந்து, பையிலிருந்த பனையோலையைக் கிழித்து, வேலிமுள்ளில் கோத்துக் காற்றாடி செய்தார். மகள் மெல்ல வெளியே வந்தாள்.

"நீயே ஒண்ணு பண்ணு சாமி. ஓலையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோ" என்றார்.

அவள் மடிப்பதில் மூழ்கியிருந்தபோதே கையில் குத்தி முடித்துவிட்டார். அவள் அழ மறந்து காற்றாடியோடு ஓடினாள்.

"ஊட்டுல வேற யாருங்க பாக்கி?"

"எங்க ஊட்டுக்காரருதானுங்க. தறிக்குழிக்குள்ள ஒளிஞ்சிருக்காருங்க" என்றேன்.

உள்ளே, நெய்யும்போது கால் வைக்கும் அந்தக் குழியிலிருந்து என் கணவரின் குரல் வந்தது: "எனக்கும் காத்தாடி உண்டான்னு கேளு."

சர்க்கார் ஆள் சிரிக்காமல் இன்னொரு ஓலையைக் கிழித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற எனக்கு, அவரால் சிரிப்பை அடக்க எப்படி முடிந்தது என்று இன்றும் விளங்கவில்லை.