நவ்ஃபாவின் கண்ணாடிக் கதவுப் பெட்டி

தொலைக்காட்சியில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாடுகள் சேர்ந்து எங்கள் நாட்டை அடிக்கப் போகின்றனவாம். குறித்துவைத்த கட்டடங்களை மட்டும்தான் அடிப்பார்களாம், மற்றவர்கள் பயப்பட வேண்டாமாம். எங்கள் ஊர்க் குன்றைத் தாண்டினால் ராணுவக் கிடங்கு. ஹோம்ஸ் நகரத்துக்கு மேற்கே அடித்தால் அதைத்தான் அடிப்பார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அளவான தாக்குதல் என்றார்கள். அந்த அளவு யாருடைய வீட்டுச் சுவரோடு நிற்கும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் தெருவுக்கு ஜெனரேட்டர் மின்சாரம் விற்பவன். அரசாங்க மின்சாரம் ஒரு நாளில் மூன்று மணி நேரம் வந்தாலே பெரிய விஷயம். மீதி நேரத்துக்கு என்னிடம் வாங்கிக்கொள்வார்கள், என்னைத் திட்டிக்கொண்டே. அதிகமாகத் திட்டியவள் நவ்ஃபா. அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்கும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. சண்டை முற்றியபோது கணவனோடும் தம்பி தஹ்ஹாமோடும் எல்லை தாண்டி லெபனானில் அக்காருக்குப் போய்க் கூடாரத்தில் இருந்தாள். கணவன் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். போன இலையுதிர் காலத்தில் தனியாகத் திரும்பி வந்தாள். வந்து பார்த்தால் அம்மாவின் பழைய வீட்டில் இரண்டு அறைகளுக்குக் கூரை இல்லை. சுவருக்குள் ஓடிய மின்கம்பியைக்கூட உருவிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் ஒரு மூலையைக் கூட்டிப் பெருக்கிக் குடியேறினாள். ஒரு கடையில் தூக்கிப் போட்டிருந்த குளிர்பானப் பெட்டியை, முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்டதை, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாள். அதற்குள் பல்புகளை மாட்டி, அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து, குஞ்சு பொரிக்கும் பெட்டியாக்கினாள். கடைசி வளையலைக் கொடுத்து நானூறு முட்டை வாங்கி அடுக்கினாள்.

"குஞ்சு பொரிச்சா நான் இங்கதான்டா. பொரிக்கலேன்னா மூட்டையக் கட்டிட்டு உன் கூடாரத்துக்கே வந்துடறேன், போதுமா?" என்று தம்பியிடம் தொலைபேசியில் சத்தியம் செய்தாள். தெருவுக்கே கேட்டது.

முட்டை வைத்த இருபதாவது நாள், பொரிக்க ஒரே நாள் மீதி இருந்தபோது அது நடந்தது. பக்கத்து ஊர் அடுமனையில் ரொட்டிக்கு இருட்டிலேயே வரிசை தொடங்கிவிடும். பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொழுந்தன் முத்லக்கை உட்காரவைத்துவிட்டு அவள் போயிருந்தாள்.

விமானம் வந்த காலத்தில் எங்களுக்கு இரண்டு பழக்கங்கள் ஊறிப்போயிருந்தன. விளக்கை எல்லாம் அணைக்க வேண்டும். கண்ணாடி போட்ட எதையும் திறந்து வைக்க வேண்டும், வெடிக்கும்போது காற்று உள்ளே வந்து போகட்டும், கண்ணாடி சிதறாமல் இருக்கட்டும் என்று. ஏழு வருடத்தில் தூக்கத்திலும் இதைச் செய்யக் கற்றிருந்தோம்.

இந்த முறை எங்கள் தலைக்கு மேல் விமானமே வரவில்லை. எங்கேயோ கடல் மேல் பறந்தபடி ஏவுகணையை அவிழ்த்து விட்டுவிட்டு அது வீட்டுக்குத் திரும்பிவிட்டது. ஏவுகணை மட்டும் பள்ளத்தாக்கோடு தாழ்வாக, லாரி மேடேறுவது போல உறுமிக்கொண்டு வந்தது. பின்னாலேயே இன்னொன்று. குன்றுக்கு அப்பால் வெடித்தபோது இங்கே தரை துள்ளியது. நான் ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன். முத்லக் ஓடி ஓடிக் கண்ணாடி இருந்ததை எல்லாம் திறந்தான். பிறகு இருவரும் நிலவறையில் போய் உட்கார்ந்துகொண்டோம். இன்னும் வருமோ என்று ஒன்றரை மணி நேரம் மத்தே என்கிற கசப்பு இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். முட்டையின் நினைவே எனக்கு வரவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நவ்ஃபா ரொட்டிக் கட்டோடு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தாள்.

"அண்ணி, ஒரு கண்ணாடிகூட உடையல" என்றான் முத்லக் பெருமையாக.

அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "பெட்டிக் கதவ யாரு திறந்தது?"

"நான்தான். அதுவும் கண்ணாடிதானே அண்ணி."

"உங்க அண்ணன் மட்டும் இருந்திருந்தா உன்னையே உள்ள வச்சுப் பூட்டியிருப்பாரு." என் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்குய்யா கரண்ட நிறுத்தின?"

"வெளிச்சம் தெரிஞ்சா அடிப்பாங்கன்னு..."

"கடல்லேருந்து விட்டது, உன் பல்பப் பாத்தா வழி கண்டுபிடிக்கப் போகுது?"

அவள் ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லிட்டுப் போயிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கிளப்பினேன். முத்லக் டீசல் அடுப்பில் தண்ணீர் வைத்தான். நவ்ஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஒரு முட்டையை மிதக்க விட்டாள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். ஆடவில்லை. இரண்டாவதும் ஆடவில்லை. மூன்றாவதை விட்டுவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முத்லக், கொஞ்சம் மூச்சு விடாம இரு. தண்ணி ஆடுது."

"நான் மூச்சே விடல அண்ணி."

முட்டைதான் ஆடியது. லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபடி சாய்ந்தது. முத்லக்குக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

மூன்று நாட்கள் ஜெனரேட்டரை நான் நிறுத்தவே இல்லை. தெருவே இலவசமாக விளக்கெரித்தது, சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று அப்போதும் திட்டியது. தாக்குதல் வெற்றி, பொதுமக்கள் எவருக்கும் பாதிப்பில்லை என்று தொலைக்காட்சி சொன்னது. எங்களை யாரும் வந்து கேட்கவில்லை.

ஒரு நாள் பிந்தி, இருபத்திரண்டாம் நாள் மதியம் முதல் ஓடு விரிசல் விட்டது. மறுநாள் காலைக்குள் பாதிக்கு மேல் பொரித்துவிட்டன. பொரிக்காதவற்றை நவ்ஃபா தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தாள். முத்லக்கை அதற்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று நான் பல்பு மாற்றிக்கொண்டிருந்தபோது தஹ்ஹாமின் அழைப்பு வந்தது. அவன் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது.

"அடிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டதுலேருந்து கூப்பிடறேன், இப்பதான் லைன் கிடைக்குது. பட்டது போதும்க்கா, கிளம்பு. எல்லைக்கு நானே வந்து நிக்கறேன்."

அவள் தொலைபேசியைப் பெட்டிக்குள் நீட்டிப் பிடித்தாள். குஞ்சுகள் போட்ட கூச்சலில் எனக்கே காது அடைத்தது. கை வலிக்கும்வரை அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தாள்.

"எத்தனைக்கா?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"எங்கடா எண்ணறது? ஒரு எடத்துல நிக்குதுங்களா?"

"அம்மா இருந்த அறைக்குக் கூரை போட்டியா?" என்று கேட்டான்.

"போடல. நீ வந்து போடு."

வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அந்த அறை வரைக்கும் நான் ஒரு மின்கம்பி இழுத்துக் கொடுத்தேன்.