காதைப் பொத்திக்கொண்டவர்

பசுமலையில் கணினி பழுதுபார்க்கும் அவருக்கு அகன்ற நெற்றி. மூக்குக்கண்ணாடி எப்போதும் அதன்மேல்தான் இருக்கும். வைரஸ் புகுந்த என் மடிக்கணினியிலிருந்து, பாதி எழுதிய இலக்கிய ஆய்வேட்டை மீட்டுத் தந்தார்.

"இனி எந்த இயங்குதளம் பாதுகாப்பு, அண்ணே?" என்று கேட்டேன்.

"லினக்ஸ் போட்டுத் தாரேன். ஆனா அப்டேட் கேட்டா, 'அப்புறம்'னு தள்ளிவிடக் கூடாது."

நிறுவும்போது கணினி கடவுச்சொல் கேட்டது. மற்றக் கடைகளில் பழகியபடி அதை உரக்கச் சொன்னேன். அவர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"எங்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க? வேற வைங்க!" என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

நீளமான ஒன்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

"இம்புட்டு நேரமா? வெண்பாவா எழுதுறீங்க?" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

புதியவர்முன் சிரித்துப் பழகாத நான் சிரித்துவிட்டேன். எழுத்துப் பிசகி, மீண்டும் முதலிலிருந்து தட்ட நேர்ந்தது. அவர் அப்போதும் திரும்பவில்லை.