வாலிபால் தரகர்

எழுபதுகளில் எங்கள் கல்லூரிப் பெண்கள் வாலிபால் டீமுக்கு வாய்த்த தீவிர ரசிகர் ஒரு கல்யாணத் தரகர். கவரைப்பேட்டைக்காரர். எங்கள் பக்கம் பந்து எழும்பினால் போதும், ஜாதகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார்.

உயரம் அதிகம் என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிக்கழித்த பெண்களை, அப்பாக்களிடம் பேசி எங்கள் கல்லூரியில் சேர்த்துவிடுவதும் அவர்தான். நானும் அப்படி வந்தவள்தான்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம், பயிற்சி நடக்கும்போது ஓர் அம்மாள் மைதானத்துக்கே வந்து எங்கள் கேப்டனைக் காட்டினார். "என் பையனும் நல்ல உசரம். அந்தப் பொண்ணைக் கேட்டுப் பாருங்களேன்."

"அதுக்கு நிச்சயம் ஆயிடுச்சேம்மா" என்றார் தரகர், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

தண்ணீர் குடிக்க வந்திருந்த நான், அந்த அம்மாள் போனதும் கேட்டேன். "ஏன் பொய் சொன்னீங்க?"

"இன்னாம்மா, வெவரம் இல்லாம பேசிக்கினு கீறியே. மாப்பிள்ளை எப்ப வேணா கெடைப்பான். நெட்டுல நின்னு அடிக்க ஆள் கெடைக்குமா?"

அன்று சிரித்துவிட்டேன்.

படிப்பு முடியும்வரை என்னைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. என் உயரம்தான் காரணம் என்று அம்மா கவலைப்பட்டாள். எனக்கு இன்றுவரை அந்த மனிதர்மேல்தான் சந்தேகம்.