அத்தானின் கமெண்ட்

என் அத்தான், அதாவது அக்கா கணவர், பெயிண்டுக் கடையில் நிறம் கலப்பவர். பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொடுத்தால் போதும், அச்சு அசலாக அதே நிறத்தைக் கலந்து தருவார். அவர்கள் வீட்டுச் சுவர்களின் நிறமும் அவர் கலந்ததுதான். வீட்டுக்கு வந்தால் முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களுக்குக் கமெண்ட் எழுதுவார். அதிலும் ஏனோதானோ கிடையாது. 'சூப்பர்' என்று போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டாலே ஆகாது. முழுக்கப் பார்ப்பார், திரும்பவும் பார்ப்பார், அப்புறம் பத்தி பிரித்து எழுதுவார். ஊர் உலகமெல்லாம் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. அக்கா சாப்பிடக் கூப்பிட்டால்தான் காதில் விழாது.

அக்கா காகிதம் வெட்டுவாள். பழைய காலண்டர் தாளில் மரம், கிளை, கிளை நிறையப் பறவைகள். கல்யாணமானதிலிருந்து எத்தனையோ முறை அவர்முன் நீட்டியிருக்கிறாள். போனைப் பார்த்துக்கொண்டே "நல்லாருக்கு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவரு ஒரு தடவை ஒழுங்காப் பார்த்தாப் போதும்டா," என்றாள் அக்கா.

வேறு பெயரில் சேனல் தொடங்கினோம். அவர் கடைக்குப் போனதும் சாப்பாட்டு மேசையில் அவள் வெட்டுவாள். அவள் முகம் தெரியாதபடி கைகளை நான் எடுப்பேன். யாரோ போட்டது என்று சொல்லி லிங்க்கை நானே அவருக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் உட்கார்ந்து எழுதினார். அக்கா மேசையருகே நின்று தன் போனில் படித்தாள்.

'கத்தரி எங்கும் அவசரப்படவில்லை. வெட்டி எறிகிற துண்டைக்கூட யோசித்து வெட்டுகிறார். இவர் வீட்டில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரே குறை, பின்னால் உள்ள சுவர். மஞ்சள் தூக்கலாக இருக்கிறது. கலந்தவருக்குக் கண் சரியில்லை.'

அக்கா சிரிக்கவில்லை. பதில் தட்டினாள்: 'கலந்தவர் ஹாலில்தான் இருக்கிறார். கேட்டுச் சொல்கிறேன்.'

அத்தான் எழுந்து வந்தார். வந்தவர் நேராகச் சுவரைப் பார்த்தார்.

"சுவரு எங்கயும் ஓடிடாது," என்றாள் அக்கா. "இங்க பாருங்க."

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "ஒண்ணு வெட்டு, பார்க்கறேன்," என்றார்.

அக்கா தாளை எடுத்தாள். எந்த வீடியோவிலும் அவசரப்படாத கத்தரி அன்றைக்கு அவசரப்பட்டது. முதல் கிளையிலேயே தாள் கிழிந்தது.

"பரவால்ல, இன்னொரு தாள் எடு," என்றார். எழுந்திருக்கவில்லை.