அவர் தூக்காத மகள்

எனக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தபோது தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் லோரி பிடித்து தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தது. ஒருத்தி வெளிறிப்போய்ச் சின்னதாகக் கிடந்தாள். மற்றவள் கொழுகொழுவென்று, செக்கச்செவேலென்று இருந்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா சிவந்தவளைக் காட்டி, "இது துரை கலருலா" என்றாள். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை வெள்ளைக்காரர். நான் அவர் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவள். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வெளிறியவளை மட்டுமே தூக்கினார்.

இரண்டொரு நாளில் சிவந்தவளுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, ரெண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. வயித்துக்குள்ளயே சின்னவ ரத்தம் இவளுக்குப் போயிருச்சு. ரத்தம் கூடுனதாலதான் இந்தச் சிவப்பு. இவ நெஞ்சு தாங்கல. ஒரு தடவ தூக்குங்க."

அவர் வாசலைப் பார்த்தபடியே நின்றார். சாயங்காலம் அவள் என் மடியிலேயே அடங்கிப்போனாள்.

பிழைத்தவளுக்கு இப்போது பதினேழு வயது; ஐந்தாம் படிவம் படிக்கிறாள். "என்னைய அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையாகச் சொல்கிறார். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். அவர் தூக்காதவளுக்கும் இதே முகம்தான். அதை நான் இதுவரை அவரிடம் சொன்னதில்லை. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் மகள் எதிரில் இருக்கிறாளே என்றுதான்; மன்னித்துவிட்டதால் அல்ல.