பேத்தியின் முப்பத்தொன்பதாவது பதிவு

பேத்தி படிக்கும் தொடக்கப்பள்ளியில், பிள்ளைகள் செய்வதையெல்லாம் ஆசிரியை ஒரு செயலியில் ஏற்றுவார். பெற்றோர் அழைப்பு அனுப்பினால் குடும்பத்தாரும் பார்க்கலாம். எனக்கு அழைப்பு அனுப்பியவள் மருமகள். பிறகு அவளும் மகனும் விவாகரத்து செய்துகொண்டார்கள். மகன் வேலைக்கு வெளிநாடு போனான். அவள் பிள்ளையோடு சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள ஜூரோங்குக்குப் போய்விட்டாள். செயலியிலிருந்து என்னை நீக்க மறந்திருக்கிறாள். பேத்தியை இப்போது நான் பார்ப்பது அதில் மட்டும்தான். முப்பத்தெட்டுப் பதிவுகள் பார்த்துவிட்டேன்.

நேற்று தேக்கா காப்பிக்கடையில் இருந்தபோது அடுத்தது வந்தது. தமிழ் வகுப்பில் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறாள்.

"எங்க வீட்டுல மூணு பேரு. அம்மா, நான், அப்புறம் என் கேட். கேட் ரொம்ப சோம்பேறி."

எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் சிரித்தார். "பூனையக்கூட எண்ணிட்டா லா. உங்களத்தான் காணோம், அண்ணே."

"பூனை அங்க இருக்கு. நான் இங்கதானே இருக்கேன்."

"தாத்தாவ விட்டுட்டியேன்னு கீழ எழுதுங்களேன்."

எழுதினால் மருமகள் பார்ப்பாள். இதயக் குறியைத் தொட்டால்கூட என் பெயர் தெரியும். நான் இன்னும் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தால் நீக்கிவிடுவாள். அதனால் முப்பத்தொன்பதில் ஒன்றுக்குக்கூட நான் 'நன்று' என்று சொன்னதில்லை. நான் பார்ப்பதே பிள்ளைக்குத் தெரியாது.

நான்கு முறை பார்த்தேன். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. ஜனவரியில் அவளுக்குப் புது வகுப்பு. அழைப்பும் புதிதாக வர வேண்டும். அனுப்ப வேண்டியவள் மருமகள்.