சிரிப்புக்காக வெட்டிய பேட்டி

எழுபதுகளின் கடைசியில் மூன்று வருடம் நான் வானொலியில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். கிராமத்து நேயர்களுக்கான நிகழ்ச்சியில் வேலை. கனமான டேப் ரிக்கார்டரைப் புடவைத் தோளில் மாட்டிக்கொண்டு பேட்டிகளைப் பதிவு செய்ய வேண்டும். திரும்பி வந்து, பிளேடால் நாடாவை வெட்டி ஒட்டி, ஒரு மணி நேரப் பேச்சைப் பத்து நிமிடமாக்க வேண்டும். வெட்டுவதில் எனக்குக் கை சுத்தம். வெட்டிய இடம் காதுக்குத் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பேட்டி எடுப்பவர் எங்கள் நிகழ்ச்சியின் 'மாமா'. நிஜத்தில் ஐம்பது வயது, சர்க்கரை வியாதி, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு. மைக்கைக் கையில் எடுத்தால் வேறு ஆள். யாரிடம் பேசினாலும் இரண்டாவது நிமிடத்தில் அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகவே ஜனங்கள் ரேடியோவைத் திருப்பினார்கள்.

ஒரு மார்கழியில் சாமை அறுவடை பற்றிப் பதிவு செய்ய ஜவ்வாது மலைக்குப் போனோம். புதூர்நாடு வரைக்கும் ஜீப், அதற்கப்புறம் நடை. நாலைந்து வீடுகள் சேர்ந்த ஒரு சின்ன ஊர். களத்தில் ஒரு பெண் சாமையைத் தூற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் காட்டுக்குப் போயிருந்தான். மைக்கைக் கண்டு அவள் மிரளவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இதுங்கிட்ட வாயத் தொறந்து பேசணுமா, சும்மா பேசினா போதுமா?" என்று கேட்டாள். அங்கேயே மாமா பாதி சிரித்துவிட்டார்.

"சாமைக்கு என்னம்மா உரம் போடறீங்க?"

"மழ போடுவோம்."

"பூச்சி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்தா இன்னா பண்றது? துன்னுட்டுப் போவும். நீங்க கூடத்தான் வந்துகீறீங்க, போன்னா சொன்னோம்?"

பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. உரம், பூச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

"மலையில கரடி பாத்திருக்கீங்களா, தங்கச்சி?"

"பாத்துகீறேன். அதுவும் என்னைப் பாத்துச்சு. ரெண்டு பேருக்கும் புடிக்கல. அதும் வழில அது போய்ட்ச்சு, எம் வழில நான் வந்துட்டேன்."

"கீழே டவுனுக்குப் போயிருக்கீங்களா?"

"ஒரு வாட்டி."

"எப்படி இருந்துச்சு?"

"எல்லாரும் ஓடறாங்க. வழி கேட்டா ஓடிக்கினே கை காட்றாங்க. ஒருத்தர் இந்தாண்ட, ஒருத்தர் அந்தாண்ட. நாங்களும் கூடவே ஓடிப் பாத்தோம். சுத்திச் சுத்தி, பஸ்ஸுல எறங்கின எடத்துக்கே வந்து நின்னோம்."

மாமா முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ரிக்கார்டரின் ஊசி சிவப்புக்குப் போய் வருவதைப் பார்த்து நான் ஒலி அளவைக் குறைத்தேன். எனக்கும் சிரிப்புத்தான்.

"அப்படி எங்க போறதுக்கும்மா வழி கேட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றாள். அதே குரல்தான். "எம் பொண்ணுக்கு ஜுரம். ஏழு வயசு. போர்வைய கம்புல கட்டி மலைய எறக்கினு போனோம். அவரு முன்னாடி, அவரு தம்பி பின்னாடி. பஸ்ஸு ஏத்தினப்போ தண்ணி கேட்டுச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றப்போ இல்ல."

நாடா ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருந்தது. மாமா மைக்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நான் நிறுத்தினேன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "அவ்ளோதானா?" என்றாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது இரண்டு கை நிறையச் சாமையை என் பையில் கொட்டினாள்.

ஜீப் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் மாமா, "அந்த டவுன் விஷயத்தை மொத்தமா எடுத்துடு. கரடியோட நிறுத்திக்கோ" என்றார். நான் சரி என்றேன்.

அந்தப் பொங்கலுக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி இருந்தது. வருடம் முழுக்க எடுத்த பேட்டிகளில் சிரிப்பு வந்த இடங்களை மட்டும் தொகுத்து அரை மணி நேரம். பொறுப்பு என்னிடம் வந்தது. என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் நேரமும் அதுதான். எங்கள் அதிகாரி தொகுப்பை இரண்டு தரம் கேட்டுவிட்டு, "எல்லாம் உப்புச் சப்பில்லாம இருக்கே. கடைசியில ஒண்ணு தூக்கிக் கொடுக்கணும். அப்படி ஒண்ணும் இல்லையா?" என்றார்.

இருந்தது. எது என்று எனக்குத் தெரியும்.

மாமா அந்த வாரம் விடுப்பில் இருந்தார். நான் மலை நாடாவை எடுத்து மாட்டினேன். 'எறங்கின எடத்துக்கே வந்து நின்னோம்' என்பதற்குப் பிறகு மாமாவின் சிரிப்பு. சிரிப்பு அடங்கி அவர் மூச்சு இழுக்கிற இடத்தில் பிளேடை வைத்தேன். அதற்குப் பின்னால் இருந்த நாடா ஒரு முழ நீளம்கூட இல்லை என்றுதான் இன்றும் என் ஞாபகம் சொல்கிறது. அப்படி இருக்க முடியாது. அவள் பேசியது அரை நிமிடமாவது இருக்கும், அத்தனை நேரத்துக்கு எத்தனையோ முழம் ஓடும். எதுவானாலும் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். அதிகாரி கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இதுதான்" என்றார்.

நிகழ்ச்சி ஒலிபரப்பானதும் நேயர்களின் தபால் கார்டுகள் வர ஆரம்பித்தன. கரடி அம்மாவை மறுபடி பேச வைக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். என் வேலை நீட்டிக்கப்பட்டது. விடுப்பு முடிந்து வந்த மாமா நிகழ்ச்சியை ஒரு தரம் போட்டுக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சா, இல்லையா?" என்று மட்டும் கேட்டார். விழுந்தது என்றேன். எழுந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாசியில் அதிகாரியே எங்களை மறுபடி மலைக்கு அனுப்பினார். அந்த அம்மாவிடம் இன்னொரு பேட்டி வேண்டுமாம். ஜீப் நிற்கும் இடத்து டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மாமாவின் குரலை அடையாளம் கண்டதும் கடைக்காரர் எழுந்து நின்றார். "கரடி அம்மா வூட்டுக்கா? போங்க, போங்க. சந்தைக்கு வந்தா அந்தம்மாவ வுடமாட்டாங்க. வழி கேட்டா எந்தாண்ட கை காட்டுவாங்கன்னு கேட்டுக் கேட்டுச் சிரிப்பாங்க." அவருக்கு அது பெருமைதான்.

வீட்டு வாசலில் புருஷன் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே இருந்தாள். எங்கள் குரல் கேட்டும் வெளியே வரவில்லை. மாமா வணக்கம் சொன்னார். அவன் மாமாவைப் பார்க்காமல் என் தோளில் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

"இதுலதான் பேசினாளா?"

"ஆமாங்க."

"எம் பொண்ணு செத்த கதைய சொல்லி இதுல சிரிச்சாளா?"

மாமா ஏதோ சொல்ல வந்தார். அவன் விடவில்லை. "டீக்கடையில நானும் கேட்டேன். நாப்பது பேரு சிரிக்கிறான். நான் தூக்கினு ஓடினது எனக்குத் தெரியும். எந்தாண்டன்னு தெரியாம நடுத்தெருவுல நின்னது எனக்குத் தெரியும். அத்தப் போயி ஒரு வேடிக்கையா சொல்லிகீறா. அன்னிலேந்து அவகிட்ட நான் பேசறதில்ல."

"அவங்க அப்படிச் சொல்லலைங்க" என்றேன். "முழுசாத்தான் சொன்னாங்க. பொண்ணு தண்ணி கேட்டதைச் சொன்னாங்க. நீங்க முன்னாடி, உங்க தம்பி பின்னாடி தூக்கினதைச் சொன்னாங்க. நான்தான் அதை வெட்டிட்டேன்."

"வெட்றதுன்னா?"

பெட்டியைத் திறந்து நாடாவைக் காட்டினேன். பேச்சு இதில்தான் பதிவாகும், வேண்டாத இடத்தைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டிவிடுவோம் என்றேன். அவன் நாடாவை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"வேணாத எடமா?"

நான் பெட்டியை மூடினேன்.

"வெட்னது எங்க கீது? போட்டுக் காட்டு."

"இல்லைங்க. குப்பையில போட்டுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அழுதது அங்கே யாருக்கும் உதவவில்லை. உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு வந்து, புருஷனைப் பார்த்து, "நான் முழுசாத்தான் சொன்னேன்னு சொன்னேனில்ல" என்றாள். அவன் குனிந்து புளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் எதையும் பதிவு செய்யாமல் திரும்பினோம்.

அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லி, ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கலாமா என்று கேட்டேன். "யார் பேரையும் சொல்லலை, யாரையும் கேலி பண்ணலை. எதுக்கு வருத்தம்?" என்றார். அவர் கோணத்தில் அது சரிதான். என் முகத்தைப் பார்த்து, ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆனால் எங்கள் மாலை நிகழ்ச்சியில் ஐந்து நிமிடம் நேரடியாகப் பேசும் பகுதி ஒன்று இருந்தது. அந்த வாரமே மாமா எழுதி வைத்த தாளைக் கவிழ்த்துவிட்டு, மைக்கை நெருங்கி உட்கார்ந்தார். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். பொங்கலுக்கு நீங்கள் கேட்டுச் சிரித்த ஒரு பேச்சுக்கு மீதி இருக்கிறது, அதை நாங்கள் போடவில்லை, தப்பு எங்களுடையது என்றார். பிறகு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னார். போர்வை, கம்பு, தண்ணீர், ஆஸ்பத்திரி. வழக்கமான ராகம் இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில். 'எங்களுடையது' என்று அவர் சொன்னபோது என் பக்கம் திரும்பவில்லை.

அதற்கும் கார்டுகள் வந்தன. மாமாவுக்கு உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பண்டிகை நிகழ்ச்சியின் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டார் என்று ஒருவர். ஒரு கார்டில் மட்டும், டவுனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், யாராவது வழி கேட்டால் இனிமேல் தானே கூடப் போய்விட்டு வருவதாக எழுதியிருந்தார். மாமாவிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார். என்ன எழுதினார் என்று என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் ஜமுனாமரத்தூர் சந்தையைப் பதிவு செய்யப் போனபோது அந்தப் புருஷனைப் பார்த்தேன். பலாப்பழம் கொண்டுவந்திருந்தான். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவனே கூப்பிட்டான்.

"அய்யா பேசினத கேட்டோம். ரெண்டு பேரும் டீக்கடையில நின்னு கேட்டோம்."

"இப்ப வீட்டுல பேசறீங்களா?"

"பேசறோம்." கொஞ்சம் யோசித்தான். "அவதான் முன்ன மாதிரி பேச மாட்டேங்கறா. முன்னெல்லாம் இன்னா கேட்டாலும் ஒண்ணு சொல்லிச் சிரிக்க வச்சுடுவா. பொண்ணு போனப்புறங்கூட அது இருந்துச்சு. இப்ப யாருனா எதுனா கேட்டா, ஆமாங்கறா, இல்லங்கறா. அவ்ளோதான்."

நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம்மா" என்றான். அதில் கோபம் இல்லை. ஒரு பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, பழுத்திருக்கிறது என்று சொல்லி, எடுத்துப் போகச் சொன்னான். நான் மறுத்தும் ஜீப் வரைக்கும் அவனே சுமந்து வந்து வைத்தான்.